விசித்திரசித்தன் விட்டுச் சென்ற சொத்து

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில் மதுராந்தகத்தைத் தாண்டினால் அச்சரப்பாக்கம் என்ற ஊர் வருகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். ஆனால் கட்டடக் கலையிலும் யந்திர நுட்பத்திலும் கொஞ்சமாவது ஆசை உள்ளவர்கள் அங்கே கண்ணை விழித்துக்கொள்வது நல்லது. மூவுலகிலும் நடந்த மிகப் பெரிய வாகன விபத்து அந்த ஊரில்தான் நடந்தது என்று தலபுராணம் சொல்லுகிறது!

விபத்துக்கு உள்ளானவர் சாட்சாத் பரமசிவன். திரிபுரத்தை எரிப்பதற்காகத் தேவர்கள் அவருக்கு ஒரு தேர் செய்து கொடுத்தார்கள். பூமியே தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரமதேவன் சாரதி, மேருமலை வில். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் ஒரே ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார்கள். பிள்ளையாருக்கு முதல் பூஜை போடவில்லை. தேர் கிளம்பியது, அச்சு முறிந்தது. 'இறுதல்' என்றால் முறிதல். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். அது வாய்ப்பழக்கத்தில் அச்சரப்பாக்கம் ஆயிற்று. ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது. ஆட்சீசுவரர் என்ற பெயரில் இறைவன் இன்றும் அங்கே கோயில் கொண்டிருக்கிறார்.

இந்தக் கதையைக் கட்டியவர்கள் வெறும் பக்தர்கள் மட்டுமல்ல, அனுபவம் மிகுந்த கைத்தொழிலாளிகளாகவும் இருந்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு பெரிய தேரானாலும் அச்சு ஒரு நாள் முறியத்தான் செய்யும் என்பது வேதாந்திக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தச்சனுக்குத் தெரிந்த உண்மை.

முறியாத பொருள், மக்காத பொருள், தீப்பிடிக்காத பொருள் ஒன்றைக் கொண்டு தெய்வத்துக்கு வீடு கட்ட முடியுமா? இந்தக் கேள்வியை இந்தப் பிரதேசத்தில் ஒரு மனிதன் கேட்டான். சுமார் 1,400 வருஷங்களுக்கு முன்பு கேட்டான். கேட்டதோடு நில்லாமல் பதிலையும் பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவன் காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவன், முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவன். வாதாபியின் புலிகேசியோடு போரிட்டவன். வாதாபியை வென்ற மாமல்ல நரசிம்மனுக்குத் தகப்பன். போர்களைப் பற்றி எழுதினால் கதை சுவாரசியமாக இருக்கும் என்பது கதை எழுதிப் பிழைக்கும் எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இன்று அவனுடைய குதிரைப் படையை விட்டுவிட்டு, அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்களைப் பார்ப்போம்.

மற்ற அரசர்கள் தங்களைச் சிங்கம் என்றும் சூரியன் என்றும் அழைத்துக்கொள்வார்கள். மகேந்திரனும் 'சத்ருமல்லன்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டான். ராஜாவாகப் பிறந்துவிட்டால் அது தப்பாது. ஆனால் 'சித்திரகாரப்புலி' என்றும் வைத்துக்கொண்டான். ஓவியர்களுக்குள்ளே புலி என்று பொருள். 'மத்தவிலாசன்' என்றும் ஒரு பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு நகைச்சுவை நாடகமும் எழுதினான். காஞ்சி நகரத் தெருவில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு பௌத்த பிக்ஷுதான் எடுத்துவிட்டார் என்று சண்டை பிடிக்கிறான். கடைசியில் பார்த்தால் கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! இந்த நாடகத்தைக் கேரளத்துச் சாக்கியார்கள் தங்கள் கூத்து மரபில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கணபதி சாஸ்திரி 1917-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் அச்சிட்டு வெளியிட்டார். தன் தலைநகரத்தையே மேடையில் வைத்துக் கேலி செய்த அரசர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

எல்லாப் பெயர்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது 'விசித்திரசித்தன்' என்பது. விசித்திரமான சித்தம் உள்ளவன். புதிது புதிதாக எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பவன். இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் இவனை விஞ்ஞானி என்றோ, 'புத்தி கெட்டவன்' என்றோ, ஊர் இரண்டில் ஒன்றாகச் சொல்லியிருக்கும்.

அச்சரப்பாக்கத்திலிருந்து அதே பெருஞ்சாலையில் தெற்கே திண்டிவனத்தையும் தாண்டி, விழுப்புரம், செஞ்சிப் பக்கம் போனால், மண்டகப்பட்டு என்ற சிற்றூரில் ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறையைக் குடைந்து செய்த சிறிய மண்டபம் ஒன்று. முன்னால் தடித்த தூண்கள். கீழும் மேலும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. இரண்டு ஓரங்களிலும் இரண்டு துவாரபாலகர்கள். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். அறைகளில் இப்போது மூர்த்திகள் இல்லை. மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள், 'இவ்வளவுதானா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

ஆனால் அங்கே பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு சிறிய சம்ஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் 'லக்ஷிதாயதனம்' என்ற இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் சாரம். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் மற்றொன்றில் இருக்கிறது. சாதாரணமாகக் கோயில் கட்டியவர்கள் இன்ன இன்ன பொருள் கொண்டு கட்டினேன் என்று பெருமை பேசுவார்கள். இத்தனை பொன், இத்தனை மணி என்று கணக்குச் சொல்வார்கள். இந்த மனிதன் தான் எதையெல்லாம் உபயோகிக்கவில்லை என்று சொல்லிப் பெருமைப்படுகிறான்! செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுதை கிடையாது. நான்கையும் தள்ளிவிட்டுத்தான் கட்டினானாம்.

அந்த நான்கு பொருள்களும் அற்பமானவை அல்ல. அதுவரை தமிழ்நாட்டில் தெய்வத்தின் வீடும் அரசனின் மாளிகையும் அவற்றால்தான் ஆயின. அவற்றின் கதி என்ன ஆயிற்று என்பதற்கு மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சாளுவன்குப்பத்தில் சாட்சி இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆழிப்பேரலை வந்தபோது அங்கே மணல் பெயர்ந்து, கல்வெட்டுள்ள பாறைப் பகுதி ஒன்று வெளியே தெரிந்தது. தொல்லியல் துறையார் தோண்டிப் பார்த்தார்கள். பல்லவர் காலத்து முருகன் கோயில் ஒன்றின் அடிப்பகுதி கிடைத்தது. அதற்கும் அடியில், இன்னும் பழைய செங்கல் கோயில் ஒன்றின் அடிப்பகுதி! அது சங்க காலத்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எத்தனையோ பேர் கும்பிட்ட கோயில் இருந்த சுவடே ஊராருக்கு மறந்து போயிருந்தது. ஒரு கடல் மூடியதை மற்றொரு கடல் வந்து திறந்து காட்டவேண்டியிருந்தது.

'சரி, கல்லில் கட்டினால் நிலைக்கும் என்பது ஒரு பெரிய கண்டுபிடிப்பா? அது குழந்தைக்குக்கூடத் தெரியுமே!' என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல் நிலைக்கும் என்பது அந்த நாளிலும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் கல்லை இறந்துபோனவர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்! மதுராந்தகத்துக்கு அருகே உள்ள சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் மத்தியத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தார்கள். கல்வட்டங்களும், அவற்றுக்குள்ளே சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்தன. செங்கற்பட்டு வட்டாரம் முழுவதுமே இப்படிப்பட்ட ஈமக்கற்கள் நிறைந்த பூமி. போரில் விழுந்த வீரனுக்கும் நடுகல். உயிரோடு இருப்பவனுக்கு மண்ணும் மரமும், செத்தவனுக்குக் கல். இந்த வழக்கம்தான் தெய்வத்துக்குக் கல்லில் கோயில் எடுக்க ஜனங்களைத் தயங்க வைத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கூறுகிறார்கள். அது சரியானால், விசித்திரசித்தன் பாறையில் வைத்த முதல் உளி, கல்லோடு கூட ஊர் வழக்கத்தையும் பிளந்தது என்று சொல்லவேண்டும்.

குகைக் கோயிலை உலகத்தில் முதலில் நினைத்தவன் அவன்தான் என்று நான் வாதாட மாட்டேன். அஜந்தா அவனுக்கு முந்தியது. வாதாபிச் சளுக்கியர்கள் 578-ஆம் ஆண்டிலேயே தங்கள் மலையில் அழகான குகைக் கோயில் ஒன்றை முடித்துவிட்டார்கள். நம் பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குகை மகேந்திரனுக்கு முந்தியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாதாபியில் உள்ளது மணற்கல். உளிக்கு வழிவிடும் கல். தொண்டை மண்டலத்துப் பாறையோ உளியைத் திருப்பி அடிக்கும் பாறை. அதில் வேலை செய்வதற்குப் புதிய பொறுமை ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

அந்தப் பொறுமை எப்படிப்பட்டது என்பதை முடிந்த கோயில்களைவிட முடியாத கோயில்கள் நன்றாகக் காட்டும். மாமல்லபுரத்தில் அரைகுறையாக நின்றுபோன குகைகள் இருக்கின்றன. பாறை முகத்தைச் சமன் செய்து, அதில் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, கட்டத்தின் கோடுகளை ஆழமான பள்ளமாக வெட்டி, இடையில் நின்ற கல்லைத் தட்டி உதிர்த்திருக்கிறார்கள். பிறகு மறுபடியும் கட்டம்; மறுபடியும் பள்ளம். இப்படி அங்குலம் அங்குலமாக இருளுக்குள் நுழைந்திருக்கிறார்கள். செங்கல் சுவரில் பிசகினால் பிரித்துக் கட்டலாம். மரத்தில் பிசகினால் வேறு மரம் வாங்கலாம். இங்கே எதைச் செதுக்கி எறிந்துவிட்டார்களோ அது போனது போனதுதான்.

மகேந்திரன் அந்த யோசனையை ஒரே பாறையோடு விட்டுவிடவில்லை. தளவானூர், சீயமங்கலம், மகேந்திரவாடி, பல்லாவரம், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை என்று அவன் குகைகள் தொடர்ந்தன. மகேந்திரவாடியில் ஓர் ஏரியையும் தன் பெயரில் வைத்து, அதன் கரையில் பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்கும் வீடு செய்தான். செங்கற்பட்டுக்கு அருகே வல்லத்துக் குன்றில் உள்ள குகையைப் பாருங்கள். அதை அரசன் வெட்டவில்லை. அவனுக்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனின் மகன் கந்தசேனன் வெட்டுவித்ததாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. ஒருவனுடைய விசித்திரமான சித்தம் அவன் ஆயுளுக்குள்ளேயே மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் பாறைக்கு உள்ளே போவதோடு திருப்தி அடையவில்லை. பாறையை வெளியிலிருந்தும் செதுக்கி, முழுக் கோயிலாகவே நிறுத்தினார்கள். அவைதாம் மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள். மாமல்லன் காலத்தில் தொடங்கியவை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். இல்லை, எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று 1962-ல் இரா. நாகசாமி ஒரு வாதத்தைக் கிளப்பினார். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ராஜசிம்மன் கல்லைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, அடுக்கி, கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் கட்டினான். அந்த வழியில்தான் பின்னால் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது. மண்டகப்பட்டுப் பாறையிலிருந்து தஞ்சை விமானம் வரையில் கணக்கிட்டால் 400 வருஷ யாத்திரை.

இந்த யாத்திரையில் ஒரு வேடிக்கை நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் முன் நின்று பாருங்கள். அது ரதமே அல்ல. கூரை வேய்ந்த ஒரு குடிசை! நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை, மூலைகளில் ஓலை நுனியை மடித்தது போன்ற வளைவு, எல்லாம் கல்லில். பீம ரதத்தின் மேற்கூரை, மூங்கிலை வளைத்துக் கட்டிய கூண்டு வண்டியைப் போல இருக்கிறது. தூணின் தலைமேல் இருக்கும் போதிகை, உத்தரத்தைத் தாங்குவதற்காக மரவேலைக்காரன் வைக்கும் கட்டை. குகைத் தூணுக்கு அது வேண்டியதே இல்லை. மேலே இருப்பது உத்தரம் அல்ல, மலை! கூரை விளிம்பில் வரிசையாக இருக்கும் கூடுகள், மரச் சட்டம் கோத்த பழைய சாளரங்களின் நிழல்கள். விசித்திரசித்தன் மரத்தை வேண்டாம் என்று விரட்டினான். மரம் வேறு வழியாகக் கல்லுக்குள்ளே வந்து குடிபுகுந்துவிட்டது.

அதை உள்ளே கொண்டுவந்தவர்கள் யார்? மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் உள்ள பாறை ஒன்றில் சில பெயர்கள் பல்லவர் கால எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் அவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன், திருவொற்றியூர் ஆபாஜன், கொல்லன் சேமகன். இன்னும் சிலர். விருது இல்லை, வம்சாவளி இல்லை; வெறும் பெயர்கள். ராஜாக்கள் தூணுக்குத் தூண் தங்கள் விருதுகளை வெட்டி வைத்த தேசத்தில், உளி பிடித்தவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட இடம் இவ்வளவுதான்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது நான் இரண்டு பெயர்களில் அப்படியே நின்றுவிட்டேன். ஒருவர் தச்சர். தச்சர் என்றால் மரவேலை செய்கிறவர் அல்லவா? கல்லில் வேலை செய்யப் போன பிறகும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. இன்னொருவர் கொல்லர், இரும்பு வேலை செய்கிறவர். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களின் பக்கம் போனவர்களுக்குக் கொல்லர் ஏன் வேண்டும் என்பது புரியும். இந்தக் கல்லோடு மோதினால் உளியின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, தட்டி, பதம் பார்த்துத் தண்ணீரில் தோய்த்துத் தர ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அந்த ஆள் ஒரு நாள் வராவிட்டால் மாமல்லனே வந்து நின்றாலும் வேலை நடக்காது.

மரம் இல்லை, உலோகம் இல்லை என்று மண்டகப்பட்டில் அரசன் எழுதி வைத்தான். சில தலைமுறைகளுக்குப் பிறகு பூஞ்சேரிப் பாறையில் ஒரு தச்சனும் ஒரு கொல்லனும் எழுந்து, 'நாங்கள் இருந்தோம்' என்று சாட்சி சொல்லுகிறார்கள்! அரசன் பொய் சொல்லவில்லை. கட்டடத்தில் மரமும் இல்லை, உலோகமும் இல்லை. ஆனால் கட்டிய கையில் இரண்டும் இருந்தன. பொருளைத் தள்ளுவது சுலபம். அந்தப் பொருளோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய கையைத் தள்ளிவிட்டு எந்த விசித்திரசித்தனாலும் ஒரு சாண் கல்லைக்கூடச் செதுக்க முடியாது.

பின்னால் வந்த தமிழர்கள் இதை நன்றாகத்தான் புரிந்துகொண்டார்கள். அவன் ஒதுக்கிய நான்கு பொருள்களும் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குத் திரும்பி வந்தன. கருவறை கல்லாயிற்று, அது விசித்திரசித்தன் கொடுத்த கொடை. கோபுரத்தின் மேல்நிலைகளில் செங்கல்லும் சுதையும் ஏறிக்கொண்டன. உலோகம் சோழர் காலத்து நடராஜர் ஆயிற்று. மரம் தேர் ஆயிற்று. நிலையாக இருக்கவேண்டியது கல்லில் இருக்கட்டும். வீதிக்கு வந்து ஏழை எளியவர்களைப் பார்க்கவேண்டியது மரத்தில் வரட்டும் என்று பங்கு பிரித்துவிட்டார்கள். தேரின் அச்சு முறிகிறது. ஆசாரியார் வந்து புது அச்சுப் பூட்டுகிறார். சுதை உதிர்கிறது, கும்பாபிஷேகத்துக்கு முன்னால் புதிதாகப் பூசுகிறார்கள். முறிவதும் உதிர்வதும் இல்லையென்றால் அந்த வேலை தெரிந்த குடும்பம் ஊரில் இருக்குமா? கல் உருவத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. வித்தையைக் காப்பாற்றிக் கொடுத்தவை அழிகிற பொருள்கள்தாம்.

மாமல்லபுரத்து நினைவுச் சின்னங்களை 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தார்கள். வேலி போட்டு, புல்தரை வளர்த்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். செய்யவேண்டிய காரியம்தான். கடற்கரைக் கோயிலின் மேல் உப்புக் காற்று 1,300 வருஷமாக வீசிக்கொண்டிருக்கிறது. சிற்பங்களின் முகங்கள் கரைந்துவிட்டன. கல்லும் அழியும் பொருள்தான், கொஞ்சம் மெதுவாக அழிகிறது என்று அந்த முகங்கள் நமக்கு அறிவிக்கின்றன.

ஆனால் விசித்திரசித்தன் விட்டுச் சென்ற சொத்தைப் பார்க்கவேண்டுமானால் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் மட்டும் போதாது. 1957-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசாங்கத்தார் ஒரு சிற்பப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது இப்போது கல்லூரியாக நடந்து வருகிறது. அதன் தலைவராக இருந்த கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில்தான் கன்னியாகுமரிக் கடலுக்கு நடுவே 133 அடி உயரத் திருவள்ளுவர் எழுந்தார். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அந்தச் சிலையைத் திறந்து வைத்தார்கள். மாமல்லபுரத்துச் சாலை ஓரங்களில் இன்றும் நந்தியும் பிள்ளையாரும் கல்லிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். யந்திரங்கள் வந்துவிட்டன, கல்லை அறுக்கும் சக்கரத்தின் இரைச்சல் காதைத் துளைக்கிறது, வெள்ளைத் தூசி பறக்கிறது. அந்தத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா, வேறு உத்தியோகம் தேடிப் போய்விடுவார்களா என்ற கேள்விக்கு வேலியும் புல்தரையும் பதில் சொல்லாது.

கல்லைக் காப்பாற்ற நமக்கு ஒரு இலாகா இருக்கிறது. கையைக் காப்பாற்றுகிற பொறுப்பு யாருடையது? அது கூலியைச் சரியாகக் கொடுக்கிறவருடையது. கோயிலுக்குச் சிலை வேண்டும் என்று கேட்டு வருகிறவருடையது. கடைசிக் காசுக்குப் பேரம் பேசாமல் ஒரு சின்னக் கல் பிள்ளையாரை வாங்கிக்கொண்டு போகிற நம்முடையதும்கூட. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ரதங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, ஏதாவது ஒரு பட்டறை வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். சிலை செதுக்குகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அவருக்கு உளி தீட்டிக் கொடுக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.